கோபுரம் தரும் நேரமும் காற்று தரும் குறிப்பும்: வாசகர் கேள்வி–பதில்

வானொலி அலையைப் பெற்றுத் தானே நேரத்தைத் திருத்திக்கொண்டு, வானிலையையும் முன்கூட்டிக் காட்டும் மேசைக் கடிகாரங்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில் தொகுக்கப்பட்டுள்ளன. கேள்விகள் பலவாக இருந்தாலும் அவற்றில் பெரும்பாலானவற்றின் வேர் ஒன்றுதான். இந்தக் கடிகாரம் ஒரே பெட்டிக்குள் மூன்று வேலைகளைச் செய்கிறது. நேரத்தை நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஒலிபரப்புக் கோபுரத்திலிருந்து பெறுகிறது. வெளி வெப்பநிலையை வீட்டுக்கு வெளியே நீங்கள் வைத்த சென்சாரிலிருந்து பெறுகிறது. வானிலைக் குறியையோ யாரிடமிருந்தும் பெறுவதில்லை, தான் இருக்கும் அறையின் காற்றழுத்தத்தை அளந்து தானே முடிவு செய்கிறது. எந்த வேலை எங்கிருந்து நடக்கிறது என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால், எந்தக் குறைக்கு எங்கே தேட வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

கேள்வி: புதிதாக வாங்கிய கடிகாரத்தில் பேட்டரி போட்டேன். நேரம் 12:00 என்றே நிற்கிறது. வெளி வெப்பநிலை தெரிய வேண்டிய இடத்தில் கோடுகள் மட்டும் இருக்கின்றன. எல்லாப் பொத்தான்களையும் அழுத்திப் பார்த்துவிட்டேன். எந்த வரிசையில் தொடங்க வேண்டும்?

பதில்: முதலில் கடிகாரம், சென்சார் இரண்டிலிருந்தும் பேட்டரிகளை எடுத்துவிட்டுச் சில நிமிடங்கள் காத்திருங்கள். உள்ளே தேங்கியுள்ள மின்சாரம் வடிந்து, முன்பு அழுத்திய பொத்தான்களால் ஏற்பட்ட குழப்பம் நீங்கும். பிறகு இரண்டையும் ஒரே அறையில், ஓரிரு மீட்டர் இடைவெளியில் வைத்துக்கொள்ளுங்கள். சென்சாரின் பேட்டரிப் பகுதிக்குள் 1, 2, 3 என்று சேனல் மாற்றும் சிறு விசை இருந்தால் அதை 1-இல் வையுங்கள். பெரும்பாலான மாடல்களில் முதலில் சென்சாருக்கும், அடுத்துக் கடிகாரத்துக்கும் பேட்டரி போட வேண்டும். உங்கள் கையேடு இதற்கு மாறாகச் சொன்னால் கையேட்டின்படியே செய்யுங்கள். எதை முதலில் விழிக்கச் செய்ய வேண்டும் என்பது அந்தக் கருவியை வடிவமைத்தவர்கள் எடுத்த முடிவு.

வரிசைக்கு இவ்வளவு முக்கியத்துவம் தருவதற்குக் காரணம் இருக்கிறது. பேட்டரி போட்ட உடனே கடிகாரம் சில நிமிடங்கள் சென்சாரை மட்டுமே தேடும். அந்த நேரத்துக்குள் சென்சார் பேசவில்லையென்றால் தேடலைக் கைவிட்டு, அடுத்த வேலையான கோபுரத்தின் சிக்னலைக் கேட்கத் தொடங்கிவிடும். கோபுரத்தைக் கேட்கும் வேளையில் நீங்கள் ஏதேனும் ஒரு பொத்தானை அழுத்தினால், பல மாடல்களில் அந்த முயற்சியே ரத்தாகிவிடும். ஆகவே எல்லாப் பொத்தான்களையும் அழுத்திப் பார்ப்பது, தனக்கு வேண்டியதைக் கேட்டுக்கொண்டிருக்கும் கருவியைத் திரும்பத் திரும்பத் தடுப்பதாகவே முடிகிறது.

வெளி வெப்பநிலை திரையில் வந்ததும், நேர மண்டலத்தையும், கேட்கும் மாடலாக இருந்தால் உங்கள் இடம் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்பதையும் பதித்துவிடுங்கள். நேரத்தையும் தேதியையும் கையாலேயே தோராயமாக வைத்துக்கொள்ளலாம். சிக்னல் கிடைத்தவுடன் கடிகாரம் அவற்றைத் திருத்திக்கொள்ளும். பிறகு மாலையில் அதை ஒரு ஜன்னல் ஓரம் வைத்துவிட்டு, மறுநாள் காலை வரை தொடாமல் இருங்கள். இந்தக் கடிகாரத்தை அமைப்பதில் மிகக் கடினமான பகுதி இந்தத் தொடாமல் இருப்பதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

கேள்வி: திரையில் கோபுரக் குறி விட்டுவிட்டு மின்னுகிறது, சில நிமிடங்களில் மறைந்துவிடுகிறது. இரண்டு நாளாகியும் நேரம் சரியாகவில்லை. கடிகாரம் பழுதா?

பதில்: பழுது என்று முடிவுகட்டுவதற்கு முன், அந்தக் குறி மின்னும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் நகருக்கு அருகே உள்ள மைன்ஃபிளிங்கன் என்ற ஊரிலிருந்து, டி.சி.எஃப் 77 என்ற நிலையம் 77.5 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரவும் பகலும் நேரத்தை ஒலிபரப்புகிறது. பிரிட்டனில் கம்ப்ரியா பகுதியின் ஆந்தோர்னிலிருந்தும், அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் ஃபோர்ட் காலின்ஸிலிருந்தும் 60 கிலோஹெர்ட்ஸில் ஒலிபரப்பு நடக்கிறது. ஜப்பானில் 40, 60 கிலோஹெர்ட்ஸில் இரண்டு நிலையங்கள் இருக்கின்றன, சீனாவில் 68.5 கிலோஹெர்ட்ஸில் ஒன்று இயங்குகிறது. உங்கள் கடிகாரம் இவற்றில் எதற்காகச் செய்யப்பட்டது என்பது பெட்டியின் மீதோ கையேட்டிலோ இருக்கும்.

ஜெர்மன் நிலையம் நேரத்தைச் சொல்லும் முறை மிகவும் எளிமையானது. ஒவ்வொரு விநாடியின் தொடக்கத்திலும் அலையின் வலிமை சற்று நேரம் தாழ்த்தப்படுகிறது. அந்தத் தாழ்வு பத்தில் ஒரு பங்கு விநாடி நீடித்தால் அது சுழியம். பத்தில் இரண்டு பங்கு நீடித்தால் அது ஒன்று. நிமிடத்தின் கடைசி விநாடியில் மட்டும் தாழ்வே இராது. அந்த மௌனத்தைக் கொண்டுதான் அடுத்த நிமிடம் தொடங்குவதைக் கடிகாரம் அறிகிறது. இப்படி விநாடிக்கு ஒரு துளியாக வரும் செய்தியில் நிமிடம், மணி, நாள், கிழமை, மாதம், ஆண்டு எல்லாம் சேர்ந்து முடிய முழுதாக ஒரு நிமிடம் ஆகிறது. நடுவில் ஒரு துளி கெட்டாலும் அந்த நிமிடத்தின் செய்தி பயன்படாது. செய்தி சரியாகத்தான் வந்ததா என்று சரிபார்ப்பதற்கான துளிகளும் அதிலேயே இருக்கின்றன. அவற்றையும் நம்பி விட்டுவிடாமல், கடிகாரம் அடுத்தடுத்த நிமிடங்களின் செய்திகளை ஒப்பிட்டு, அவை ஒன்றுக்கொன்று பொருந்தினால்தான் நேரத்தை ஏற்றுக்கொள்கிறது. ஆகவே நல்ல சிக்னல் கிடைக்கும் இடத்திலும் மூன்று முதல் பத்து நிமிடங்கள் பிடிப்பது இயல்பு.

இனி இடத்தைப் பார்ப்போம். கடிகாரத்தினுள் இருக்கும் ஆன்டெனா, செம்புக் கம்பி சுற்றப்பட்ட சில சென்டிமீட்டர் நீளமுள்ள ஃபெரைட் தண்டு. அதன் பக்கவாட்டுப் பகுதி கோபுரத்தை நோக்கியிருந்தால் சிக்னல் மிகுதியாகக் கிடைக்கும். அதன் முனை கோபுரத்தை நோக்கியிருந்தால் ஏறக்குறைய ஒன்றுமே கிடைக்காது. பெரும்பாலான கடிகாரங்களில் இந்தத் தண்டு முகப்புக்கு இணையாகப் படுத்திருக்கும் என்பதால், கடிகாரத்தின் முகமோ முதுகோ கோபுரம் இருக்கும் திசையைப் பார்க்குமாறு வைப்பது நல்லது. ஒரே மேசையில் கால் வட்டம் திருப்பி வைத்ததும் சிக்னல் கிடைத்துவிடுவது உண்டு.

அடுத்தது இடையூறு. செல்பேசி சார்ஜர், கணினி, தொலைக்காட்சி, எல்.இ.டி விளக்கு ஆகியவற்றின் மின்மாற்று அமைப்புகள் இதே தாழ்ந்த அலைவரிசைகளில் இரைச்சலை எழுப்புகின்றன. அவற்றிலிருந்து குறைந்தது இரண்டு மீட்டர் தள்ளி வையுங்கள். இரும்புக் கம்பி பாய்ந்த கான்கிரீட் சுவர், தகரக் கூரை, குளிர்பதனப் பெட்டி ஆகியவை சிக்னலை மறைக்கும். படுக்கையருகே கடிகாரத்தை வைப்பவர்கள் பலர் செல்பேசியை அதன் பக்கத்திலேயே சார்ஜ் ஏற்றுகிறார்கள். இரவு முழுவதும் கடிகாரம் தோற்றுக்கொண்டே இருப்பதற்கு இந்த ஒன்றே போதுமான காரணமாகிவிடும்.

இரவை இவ்வளவு வலியுறுத்துவதற்கும் காரணம் உண்டு. பகலில் வளிமண்டலத்தின் உயரத்தில் சூரிய ஒளியால் உருவாகும் அயனி அடுக்கு ஒன்று இந்த அலைகளின் ஆற்றலை விழுங்குகிறது. இரவில் அது கரைந்துவிடுவதால், வானத்தில் பட்டுத் திரும்பும் அலை வலுவாக வந்து சேர்கிறது. வீட்டின் மின்கருவிகளும் அப்போது ஓய்ந்திருக்கும். பெரும்பாலான கடிகாரங்கள் நள்ளிரவுக்குப் பிந்திய மணிகளில் முயலுமாறு அமைக்கப்பட்டிருப்பது இதனால்தான். பகலில் நீங்கள் கையால் தூண்டிய முயற்சி தோற்றதை வைத்துக் கடிகாரத்தைக் குறைகூற வேண்டாம். மூன்று நான்கு இரவுகள், வெவ்வேறு ஜன்னல்களில், புதிய பேட்டரியுடன் வைத்துப் பார்த்தும் பலனில்லை என்றால்தான் பழுது என்று கருத வேண்டும்.

கேள்வி: பெட்டியின் மேல் ‘அணுக் கடிகாரம்’ என்று எழுதியிருக்கிறது. உள்ளே அணு சம்பந்தப்பட்ட பொருள் இருக்கிறதா? குழந்தைகள் அறையில் வைக்கலாமா?

பதில்: தாராளமாக வைக்கலாம். உள்ளே இருப்பது சாதாரணக் கைக்கடிகாரத்தில் உள்ளதைப் போன்ற, விநாடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகம்தான். அணுக் கடிகாரம் ஒலிபரப்பு நிலையத்தின் பக்கம் இருக்கிறது. சீசியம் அணு 9,192,631,770 முறை அதிரும் காலமே ஒரு விநாடி என்ற வரையறையின்படி அது நேரத்தைக் காக்கிறது. உங்கள் குவார்ட்ஸ் படிகம் நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை விநாடி வரை விலகக்கூடும். இரவில் கிடைக்கும் சிக்னல் அந்த விலகலைத் துடைத்துவிடுகிறது. ஓரிரு இரவுகள் சிக்னல் தவறினாலும் பெரிய வேறுபாடு தெரியாது. கடிகாரம் கோபுரத்துக்கு எதையும் அனுப்புவதில்லை, கேட்க மட்டுமே செய்கிறது. வெளியே உள்ள சென்சார்தான் மிகச் சிறிய ஆற்றலில் அவ்வப்போது ஒரு கணம் அலையை அனுப்புகிறது.

கேள்வி: நிமிடமும் விநாடியும் துல்லியமாக இருக்கின்றன. ஆனால் கடிகாரம் சரியாக ஒரு மணி நேரம் பின்தங்கியிருக்கிறது. சிக்னல் தவறாக வருகிறதா?

பதில்: நிமிடமும் விநாடியும் சரியாக இருப்பதே சிக்னல் சரியாக வந்துவிட்டது என்பதற்குச் சான்று. மணி மட்டும் மாறியிருந்தால் நேர மண்டல அமைப்பையோ, கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே நகர்த்தும் கோடை நேர அமைப்பையோ பாருங்கள். ஜெர்மன் நிலையம் தன் நாட்டின் சட்டப்படியான நேரத்தையே அனுப்புகிறது. அது, எல்லா நாடுகளின் நேரத்துக்கும் அடிப்படையான உலகப் பொதுநேரத்தைவிடக் குளிர்காலத்தில் ஒரு மணியும், கோடையில் இரண்டு மணியும் கூடுதலாக இருக்கும். ஆகவே அந்நாட்டு நேரத்தையே பின்பற்றும் இடத்தில் மண்டல அமைப்பு சுழியமாக இருக்க வேண்டும். அமெரிக்க நிலையமோ உலகப் பொதுநேரத்தை அனுப்பி, கோடை நேரம் நடப்பில் உள்ளதா என்பதைத் தனியே தெரிவிக்கிறது. எந்த மண்டலம் என்பதை நீங்கள்தான் கடிகாரத்துக்குச் சொல்ல வேண்டும். கோடை நேரத்தைக் கடைப்பிடிக்காத பகுதியில் வாழ்பவர்கள் அந்த அமைப்பை அணைத்துவிட வேண்டும்.

ஐரோப்பாவில் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறன்று, உலகப் பொதுநேரம் அதிகாலை 1 மணிக்கு இந்த மாற்றம் நடக்கிறது. அந்த இரவில் சிக்னல் கிடைக்காத கடிகாரம் பழைய நேரத்திலேயே இருந்து, அடுத்த வெற்றிகரமான இரவில் திருந்தும். உங்கள் கடிதம் அத்தகைய வாரத்தில் எழுதப்பட்டிருந்தால், ஒன்றும் செய்யாமல் இன்னும் ஓர் இரவு காத்திருப்பதே போதும்.

கேள்வி: ஐரோப்பாவிலிருந்து உறவினர் ஒருவர் பரிசாகக் கொண்டுவந்த இத்தகைய கடிகாரம் இந்தியாவிலோ இலங்கையிலோ வேலை செய்யுமா?

பதில்: கடிகாரமாக வேலை செய்யும், தானே திருத்திக்கொள்ளும் கடிகாரமாக வேலை செய்யாது. மைன்ஃபிளிங்கன் நிலையத்தின் வீச்சு ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். இந்தியாவிலும் இலங்கையிலும் இவ்வகைக் கடிகாரங்களுக்கான நீள்அலை நேர ஒலிபரப்பு இல்லை. பிரிட்டன், அமெரிக்கா, ஜப்பான் ஆகிய மூன்றுமே 60 கிலோஹெர்ட்ஸைப் பயன்படுத்தினாலும் அவற்றின் குறிமுறைகள் வேறு என்பதால், ஒன்றுக்கெனச் செய்த கடிகாரம் மற்றொன்றைப் புரிந்துகொள்ளாது. பல நிலையங்களுக்கும் பொதுவாகச் செய்யப்பட்ட மாடல்கள் மட்டும் விதிவிலக்கு.

எனவே அமைப்புகளில் சிக்னல் பெறும் வசதியை அணைத்துவிட்டு, நேரத்தைக் கையால் வையுங்கள். அணைக்காவிட்டால் கடிகாரம் இரவுதோறும் வீணாகத் தேடிப் பேட்டரியைத் தீர்க்கும். நேர மண்டலத்தில் அரை மணி வேறுபாட்டைப் பதிக்கப் பல மாடல்களில் வழியிராது. சிக்னலே இல்லாத இடத்தில் அதைப்பற்றிக் கவலைப்படவும் வேண்டாம், உள்ளூர் நேரத்தை நேரடியாக வைத்தால் போதும். வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம் ஆகியவை கோபுரத்தைச் சார்ந்தவை அல்ல என்பதால் அவை எங்கும் வழக்கம்போல் இயங்கும்.

கேள்வி: வெளியே வெயில் கொளுத்துகிறது, கடிகாரமோ மழைக் குறியைக் காட்டுகிறது. நேற்று மழை பெய்தபோது சூரியனைக் காட்டியது. இந்த முன்னறிவிப்பை நம்பலாமா?

பதில்: இந்தக் கடிகாரங்களின் மீது அதிகமாகச் சுமத்தப்படும் குற்றச்சாட்டு இதுதான், இதில் பாதி, குறியின் பொருளைத் தெரிந்துகொள்ளாததால் எழுகிறது. திரையில் உள்ள சூரியனும் மேகமும் இப்போதைய வானத்தைக் காட்டும் படங்கள் அல்ல. அடுத்த 12 முதல் 24 மணி நேரத்தில் வானிலை எந்தப் பக்கம் சாயக்கூடும் என்பதற்கான கணிப்பு அது. வெயிலில் மழைக் குறி தெரிந்தால், காற்றழுத்தம் குறைந்துவருகிறது, நிலைமை மாறக்கூடும் என்று படிக்க வேண்டும். நேற்றைய மழையின்போது சூரியன் தெரிந்ததற்கு, மழையைக் கொண்டுவந்த காற்றழுத்தத் தாழ்வு கடந்துபோய் அழுத்தம் ஏறத் தொடங்கியிருந்தது காரணமாக இருக்கக்கூடும்.

கணிப்பின் அடிப்படை பழையது, உறுதியானது. 17-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் டாரிசெல்லி பாதரசக் குழாயால் காற்றின் எடையை அளந்து காட்டிய பிறகு, அழுத்தம் இறங்கும்போது வானிலை கெடுவதையும் ஏறும்போது தெளிவதையும் மக்கள் கவனித்தார்கள். அழுத்தம் குறைந்த இடத்தை நோக்கிக் காற்று நாலா பக்கமிருந்தும் வந்து குவிந்து மேலே எழுகிறது; எழும் காற்று குளிர்ந்து, அதிலுள்ள நீராவி மேகமாகிறது. அழுத்தம் மிகுந்த இடத்தில் காற்று கீழிறங்கி வெப்பமடைவதால் மேகம் கரைகிறது. பிரிட்டனில் 1854-இல் தொடங்கப்பட்ட வானிலைத் துறையின் முதல் தலைவரான ராபர்ட் ஃபிட்ஸ்ராய், மீன்பிடித் துறைகளில் காற்றழுத்தமானிகளை வைக்கச் செய்து, கடலுக்குப் போகுமுன் அவற்றைப் பார்க்கும்படி மீனவர்களுக்கு வழிகாட்டினார். பாதரசக் குழாய் இருந்த இடத்தில் இன்று நகக்கண் அளவுள்ள சிலிக்கான் சென்சார் இருக்கிறது, வேறுபாடு அவ்வளவுதான்.

ஆனால் அழுத்தம் ஒன்றை மட்டும் வைத்துச் செய்யும் கணிப்புக்கு எல்லை உண்டு. நாடியை மட்டும் பிடித்துப் பார்த்து நோயைச் சொல்ல முயலும் வைத்தியரின் நிலைதான் இந்தக் கடிகாரத்தின் நிலையும்: பெரிய மாற்றத்தை அது தவறவிடாது, சிறிய மாற்றத்தில் தடுமாறும். பெரிய காற்றழுத்தத் தாழ்வுகள் சில நாட்களுக்கு ஒருமுறை மேற்கிலிருந்து கிழக்காகக் கடந்துபோகும் மிதவெப்ப நாடுகளில் இது நன்றாகவே பயன்படும்; இந்தக் கருவிகள் அந்நிலங்களின் வானிலையை மனத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்டவை. வெப்பமண்டலத்தில் நிலைமை வேறு. அங்கே அழுத்தம் நாளுக்கு நாள் சிறிதளவே மாறுகிறது; பிற்பகல் இடிமழையோ அழுத்தத்தில் பெரிய அறிகுறி எதையும் காட்டாமலே சில மணி நேரத்தில் திரண்டு கொட்டிவிடும். அதோடு, சூரிய வெப்பத்தால் வளிமண்டலத்தில் அன்றாடம் எழும் அலை ஒன்றினால், காலை, இரவு 10 மணியளவில் அழுத்தம் உச்சத்திலும், அதிகாலை, மாலை 4 மணியளவில் தாழ்விலும் இருக்கும். காற்றழுத்தத்தை அளக்கும் அலகு ஹெக்டோபாஸ்கல்; இந்த ஏற்ற இறக்கம் வெப்பமண்டலத்தில் சில ஹெக்டோபாஸ்கல் அளவுக்கு உண்டு. வானிலை மாறாமலே பிற்பகல்தோறும் அழுத்தம் இறங்குவதைக் கண்டு, கடிகாரம் மேகத்தைக் காட்டிவிடக்கூடும்.

ஆகவே குறியை விட்டுவிட்டு எண்ணைப் படிக்கப் பழகுங்கள் என்பதே என் பரிந்துரை. அழுத்தத்தை எண்ணாகவோ, கடந்த சில மணி நேரத்தின் வரைபடமாகவோ காட்டும் மாடல் உங்களிடம் இருந்தால், இன்று காலை 10 மணிக்கு உள்ள எண்ணை நேற்றுக் காலை 10 மணிக்கு இருந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். அன்றாட ஏற்ற இறக்கம் தானாகவே விலகிவிடும். வானிலையாளர்களும் அழுத்தத்தின் அளவோடு, கடந்த மூன்று மணி நேரத்தில் அது எவ்வளவு மாறியது என்பதையும் சேர்த்தே பார்க்கிறார்கள். மூன்று மணி நேரத்தில் 3 ஹெக்டோபாஸ்கலுக்கு மேல் இறங்கி, இறக்கம் நிற்காமல் தொடர்ந்தால், குறி எதைக் காட்டினாலும் அதைப் பொருட்படுத்த வேண்டும். புயல் அறிவிக்கப்பட்டுள்ள காலத்தில் மட்டும் கடிகாரத்தைக் கொண்டு எந்த முடிவும் எடுக்காதீர்கள். வானிலை அலுவலகத்தின் எச்சரிக்கையையே பின்பற்றுங்கள்.

பேட்டரி போட்ட முதல் 24 மணி நேரத்தில் தெரியும் குறிக்குப் பொருளில்லை; ஒப்பிடுவதற்குப் பழைய அளவுகள் கடிகாரத்திடம் அப்போது இருக்காது. கடிகாரத்தைக் கீழ்த்தளத்திலிருந்து மாடிக்குக் கொண்டுபோனாலும் கணிப்பு குழம்பும். தரையருகே ஏறத்தாழ 8 மீட்டர் உயரத்துக்கு ஒரு ஹெக்டோபாஸ்கல் வீதம் அழுத்தம் குறைவதால், மாடி ஏறியதை அது வானிலை கெடுவதாகவே எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: அழுத்தத்தை அளக்கும் சென்சார் வீட்டுக்குள் இருக்கும் கடிகாரத்தில்தான் இருக்கிறது என்கிறார்கள். ஜன்னல்களை மூடிய அறையில் வெளிக்காற்றின் அழுத்தம் அதற்கு எப்படித் தெரியும்? மேலும் அது 920 என்று காட்டுகிறது; வானிலை அறிக்கையிலோ 1010 என்கிறார்கள்.

பதில்: சாதாரண வீடு காற்றுப் புகாத பெட்டி அல்ல. கதவிடுக்கு, ஜன்னல் விளிம்பு வழியாக உள் அழுத்தமும் வெளி அழுத்தமும் உடனுக்குடன் சமமாகிவிடுகின்றன. ஆகவே அழுத்தத்தை அறைக்குள் அளப்பதில் தவறில்லை.

இரண்டாவது வேறுபாட்டுக்கு உங்கள் இடத்தின் உயரம் காரணம். வானிலை அறிக்கையில் சொல்லப்படுவது கடல் மட்டத்துக்குக் கணக்கிட்டு மாற்றிய அழுத்தம். அதன் சராசரி அளவாகக் கொள்ளப்படுவது 1013.25 ஹெக்டோபாஸ்கல். கடல் மட்டத்துக்கு 800 மீட்டர் மேலே உள்ள இடத்தில் உண்மையான அழுத்தம் 920-ஐ ஒட்டித்தான் இருக்கும். கடிகாரத்தில் உயரத்தைப் பதிக்கும் வசதி இருந்தால் அதைப் பதித்தவுடன் இரண்டு எண்களும் நெருங்கிவிடும். கடல் மட்ட அழுத்தத்தை நேரடியாகக் கேட்கும் மாடலாக இருந்தால், அருகிலுள்ள வானிலை நிலையம் அந்த மணியில் தரும் எண்ணைப் பதியுங்கள். ஒரு மில்லிபாரும் ஒரு ஹெக்டோபாஸ்கலும் ஒரே அளவு என்பதால், கையேட்டில் எது இருந்தாலும் குழம்ப வேண்டாம்.

கேள்வி: நண்பர் வீட்டுக் கடிகாரம் அடுத்த நான்கு நாட்களுக்கான வானிலையைக் காட்டுகிறது. அழுத்தத்தைக் கொண்டு நான்கு நாட்களைக் கணிக்க முடியுமா?

பதில்: முடியாது. அது வேறு வகைக் கருவி. ஜெர்மன் நேர சிக்னலில் ஒவ்வொரு நிமிடத்தின் தொடக்கத்திலும் உள்ள 14 துளிகள் நேரத்துக்குப் பயன்படாமல் ஒதுக்கப்பட்டுள்ளன. 2006 முதல் அந்த இடத்தில் ஐரோப்பியப் பகுதிகளுக்கான வானிலைத் தகவல் மறைகுறியாக அனுப்பப்படுகிறது. அதைப் பிரித்துப் படிக்கும் சில்லு உள்ள கடிகாரங்களே அந்த நான்கு நாள் முன்னறிவிப்பைக் காட்டும். வானிலையாளர்கள் கணினியில் தயாரித்த கணிப்பு அது என்பதால் அழுத்தக் குறியைவிட நம்பகமானது. ஆனால் சிக்னல் தடையின்றி நெடுநேரம் கிடைத்தால்தான் தகவல் முழுமையாகும். நேரத்தை மட்டும் பெறப் போதுமான இடம் இதற்குப் போதாமல் போகலாம்.

கேள்வி: வெளி சென்சார் பிற்பகலில் 48 டிகிரி காட்டுகிறது. சில நாட்களில் கோடுகள் மட்டும் தெரிகின்றன. எங்கே வைப்பது சரி?

பதில்: 48 டிகிரி என்பது காற்றின் வெப்பமல்ல, வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக்கின் வெப்பம். நேரடி வெயில் எந்த வேளையிலும் படாத, மழை தெறிக்காத, காற்றோட்டமுள்ள இடம் வேண்டும். வட அரைக்கோளத்தில் வடக்குச் சுவரின் கூரையடி பெரும்பாலும் பொருந்தும். வெப்பமண்டலத்தில் ஆண்டின் ஒரு பகுதியில் சூரியன் வடக்கேயும் சாய்வதால் அங்கும் நிழலைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வெயிலை உறிஞ்சிய சுவர் மாலை முழுவதும் வெப்பத்தை வெளிவிடும் என்பதால் சுவரை ஒட்டி அறையாமல் சிறிது இடைவெளி விடுங்கள். வானிலை நிலையங்களில் வெப்பமானிகளை வெள்ளைச் சட்டங்கள் வேய்ந்த பெட்டிக்குள், தரையிலிருந்து ஆள் மார்பளவு உயரத்தில் வைப்பதும் இதே நோக்கத்தில்தான். குளிர்சாதனத்தின் வெளிப்பெட்டிக்கும் சமையலறைப் புகைபோக்கிக்கும் அருகே வேண்டவே வேண்டாம்.

கோடுகள் தெரிவது தொடர்பு அறுந்ததன் அடையாளம். அட்டைப்பெட்டியில் எழுதியுள்ள 30 மீட்டரோ 100 மீட்டரோ திறந்தவெளிக்கான கணக்கு. ஒவ்வொரு கான்கிரீட் சுவரும் அதில் பெரும் பங்கைத் தின்றுவிடும். சென்சாரைக் கடிகாரத்தின் அருகே கொண்டுவந்தால் எண் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் தொலைவு காரணம். வராவிட்டால் பேட்டரி காரணம். எண் வந்தும் அது உங்கள் வீட்டுக்குப் பொருந்தாததாக இருந்தால், அதே சேனலில் பேசும் பக்கத்து வீட்டு சென்சாரைக் கடிகாரம் பிடித்திருக்கலாம். சேனலை மாற்றி மறுபடி இணையுங்கள். நிழலில் அருகருகே வைத்தாலும் இரண்டு கருவிகள் ஒரு டிகிரி வேறுபடுவது இயல்பு. ஈரப்பதத்தில் ஐந்து சதவீத வேறுபாடுகூடப் பிழையாகாது.

கேள்வி: முட்கள் உள்ள ரேடியோ கடிகாரத்தில் பேட்டரி போட்டதும் முட்கள் தாமாகவே வேகமாகச் சுழல்கின்றன. கையால் நிறுத்தலாமா?

பதில்: கூடாது. முட்கள் எங்கே நிற்கின்றன என்பது கடிகாரத்துக்குத் தெரியாது. அதனால் முதலில் அவற்றை 12 மணி போன்ற ஒரு தொடக்க நிலைக்கு ஓட்டிச்சென்று நிறுத்துகிறது, சிக்னல் வந்ததும் அங்கிருந்து சரியான நேரத்துக்கு ஓட்டுகிறது. நடுவில் கையால் திருப்பினால் அந்தக் கணக்கு தவறி, சிக்னல் சரியாக வந்தாலும் முட்கள் தவறான நேரத்தையே காட்டும். தவறியிருந்தால் பின்புறமுள்ள ரீசெட் பொத்தானை அழுத்தி, தொடக்க நிலைக்கு வரும்வரை விட்டுவிடுங்கள்.

கேள்வி: ரீசார்ஜ் செய்யும் பேட்டரிகளைப் போடலாமா?

பதில்: தவிர்ப்பது நல்லது. அவற்றின் மின்னழுத்தம் 1.2 வோல்ட், கருவியோ 1.5 வோல்ட்டை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது. திரை மங்கும், சென்சாரின் வீச்சு சுருங்கும், பேட்டரி தீர்ந்தது என்ற குறி முன்கூட்டியே தோன்றும். கடிகாரத்துக்கு நல்ல அல்கலைன் பேட்டரி போதும். உறைபனி விழும் இடத்தில் வெளியே வைக்கும் சென்சாருக்கு மட்டும் லித்தியம் பேட்டரி போடுங்கள், கடுங்குளிரில் அல்கலைன் சோர்ந்துவிடும். பழையதையும் புதியதையும் கலந்து போடாதீர்கள். பல மாடல்களில் சென்சாருக்குப் பேட்டரி மாற்றினால் அது புதிய அடையாள எண்ணோடு பேசத் தொடங்கும் என்பதால், மாற்றிய பிறகு கோடுகள் தெரிந்தால் கடிகாரத்தில் சென்சார் தேடலை மீண்டும் ஒருமுறை தொடங்கிவையுங்கள்.